விறகுக் கணக்கு

2019 டிசம்பர் 6. ஆபீஸ் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து எரித்துக் கொன்றதாகக் கைதான நாலு பேரை, விடிகாலையில் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டதாக டீம் வாட்ஸப் குரூப்பில் செய்தி விழுந்தது. அடுத்த பத்து நிமிஷத்துக்குக் கைதட்டலும் பூங்கொத்துமாக ஒரே கொண்டாட்டம். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தக் குரூப்பில் பஞ்சாப்காரர் ஒருவர் இருந்தார். பட்டாலா பக்கம். அப்பா அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். அன்றைக்கு மதியம் டீ குடிக்கப் போனபோது சொன்னார்: "எங்க ஊர்ல இதை ஒருத்தர் மாநிலம் முழுக்கச் செஞ்சு காட்டினார். கில் சாப். அவர் இல்லேன்னா எங்க அப்பா கடையும் இல்ல, நானும் இல்ல."

கே.பி.எஸ். கில் என்ற பெயர் எனக்கு ஹாக்கி வழியாகத்தான் தெரியும். இந்திய ஹாக்கியைக் கெடுத்தவர் என்று பத்திரிகைகள் திட்டிய மீசைக்கார சர்தார். 1994 முதல் 2008 வரை ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர். அதற்கு முன்னால் இரண்டு முறை பஞ்சாபின் டிஜிபி. அன்றைக்கு ராத்திரி சும்மா படிக்க ஆரம்பித்தது இத்தனை வருஷமாக என்னை விடவில்லை.

கில் 1958-ல் ஐபிஎஸ்ஸில் சேர்ந்தார். பஞ்சாபி என்றாலும் பணிக்காலத்தின் பெரும்பகுதி அசாம், மேகாலயா. பஞ்சாபுக்கு வந்து 1988-ல் டிஜிபி ஆனார். வந்த கொஞ்ச நாளிலேயே அமிர்தசரஸ் பொற்கோயில் மறுபடி ஆயுதக்காரர்களின் கையில் இருந்தது. மே 9 அன்று வெளியே நின்றிருந்த டிஐஜி ஒருவரின் தாடையில் குண்டு பாய்ந்தது.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உள்ளே புகுந்திருப்பார்கள். நாலு வருஷம் முன்னால், 1984 ஜூனில், ராணுவம் டாங்கிகளோடு உள்ளே போனது. அகால் தக்த் சிதைந்தது. அதன் விலையாக அக்டோபரில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மூன்று நாள் டெல்லியில் சீக்கியர்களை நடுத்தெருவில் எரித்தார்கள். அரசாங்கக் கணக்குப்படியே அந்த நகரத்தில் மட்டும் 2,733 பேர். அந்தக் கொலைகளுக்குத் தண்டனை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்காத நிலையில்தான் பஞ்சாபில் துப்பாக்கிக்கு ஆள் சேர்ந்தது.

கில் உள்ளே போகவில்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார். சுற்றிலும் உயரமான இடங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் குறிபார்த்துச் சுடுகிறவர்கள். மே மாத வெயில். காத்திருந்தார். முக்கியமாக, பத்திரிகைக்காரர்களைக் கிட்டே விட்டார். நடப்பதை எல்லாரும் பார்க்கட்டும் என்று. பத்து நாளில் சுமார் 200 பேர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்திய போலீஸ் வரலாற்றில் பொறுமையால் ஜெயித்த நடவடிக்கைகளில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. யாராவது கில்லை வெறும் முரடர் என்று எழுதினால் இந்தப் பத்து நாளை எடுத்துக் காட்டுவேன். பார்வையாளர்களை வைத்துக்கொண்டே ஜெயிக்கத் தெரிந்த மனுஷன்.

எதிர்ப்பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனித உரிமை பேசுகிற நம்மில் பலர் இந்த இடத்தில் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிடுகிறோம். பஸ்ஸை நிறுத்தி இந்துக்களைப் பிரித்து இறக்கிச் சுட்டார்கள். 1991 ஜூனில் லூதியானா அருகே இரண்டு ரயில்களை நிறுத்தி உள்ளே நடந்துபோய்ப் பயணிகளைச் சுட்டார்கள். செத்தவர்களில் சீக்கியர்கள் ஏராளம். துப்புக் கொடுத்தவன் என்று சந்தேகம், கேட்ட பணத்தைத் தரவில்லை, ஏதாவதொரு காரணம் போதும். 1992-ல் போலீஸ்காரர்களின் வீடுகளுக்கே போய் அப்பா, அம்மா, தங்கை, குழந்தை என்று கொன்றார்கள். அந்தக் கான்ஸ்டபிள்களும் பெரும்பாலும் அதே கிராமங்களின் ஜாட் சீக்கியப் பையன்கள்தான். மறுநாள் டூட்டிக்குப் போகிறவனிடம் போய்ச் சட்டப் பிரிவைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் வராது.

1991 நவம்பரில் கில் இரண்டாவது முறை டிஜிபி ஆனார். தெற்காசியப் பயங்கரவாதம் பற்றிய பெரிய தரவுத்தளம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் பஞ்சாபுக்கு ஒரு அட்டவணை. 1991-ல் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,591. 1992-ல் 1,518. 1993-ல் 48. 1994-ல் 2.

இரண்டு!

ஒரு டாஷ்போர்டில் இப்படி ஒரு கோடு விழுந்தால் எங்கள் ஆபீஸில் கேக் வெட்டுவார்கள். நண்பரின் அப்பா இரவு ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்த ஆரம்பித்தது இந்தக் கோட்டில்தான். 1992 பிப்ரவரி சட்டமன்றத் தேர்தலில் கால்வாசிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 1993 ஜனவரி பஞ்சாயத்துத் தேர்தலில் 80 சதவீதத்துக்கு மேல். இதையெல்லாம் பொய் என்று சொல்ல யாராலும் முடியாது. நானும் சொல்லவில்லை.

அந்த அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை இருக்கிறது: கொல்லப்பட்ட பயங்கரவாதிகள். 1991-ல் 2,177, 1992-ல் 2,113, 1993-ல் 798. நான் டேட்டாவோடு குப்பை கொட்டுகிறவன். நெடுவரிசை என்றால் முதலில் கேட்கிற கேள்வி, இதில் ஒரு வரி எப்படி உள்ளே வருகிறது? யார் எழுதுகிறார்கள்? செத்தவன் பயங்கரவாதி என்று யார் முடிவு செய்தார்? பதில் சுலபம். சுட்டவரே முடிவு செய்தார். (அந்தத் தரவுத்தளத்தை நடத்தும் நிறுவனத்தைத் தொடங்கியதும் ஓய்வுக்குப் பிறகு கில்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை எழுதியவரே மார்க் ஷீட்டையும் பராமரிப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.)

இங்கேதான் ஜஸ்வந்த் சிங் கால்ரா வருகிறார். அமிர்தசரஸில் ஒரு கூட்டுறவு வங்கியோடு தொடர்புடையவர், அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவில் இருந்தவர். காணாமல் போனவர்களைத் தேடிப் போனதில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. போலீஸ் ஆளைத் தூக்கியது என்று குடும்பம் சொல்கிறது. தூக்கவே இல்லை என்று ஸ்டேஷன் சொல்கிறது. ஸ்டேஷன் ரிக்கார்டில் ஒன்றும் இருக்காது. சரி, செத்திருந்தால் உடலை என்ன செய்திருப்பார்கள்? எரித்திருப்பார்கள். எரிக்க விறகு வேண்டும். விறகுக்குக் காசு வேண்டும். காசு என்றால் நகராட்சியில் கணக்கு எழுதியாக வேண்டும்.

கால்ரா நகராட்சியின் விறகுக் கணக்கையும் சுடுகாட்டுப் பதிவேடுகளையும் எடுத்துப் படித்தார். உரிமை கோரப்படாத பிணம், கொண்டுவந்த போலீஸ் அதிகாரியின் பெயர், எத்தனை உடல் என்று வரிவரியாக இருந்தது. சிலவற்றில் செத்தவரின் பெயரே இருந்தது. பெயரும் ஊரும் தெரிந்த ஒருவர் எப்படி உரிமை கோரப்படாத பிணம் ஆவார்?

என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மெயின் சிஸ்டத்தில் லாகை அழித்துவிடலாம். பில்லிங் சிஸ்டத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில், ஒரு நகராட்சி குமாஸ்தா தன் தணிக்கைக்குப் பயந்து ஒழுங்காக எழுதி வைத்திருப்பார். அவருக்கு நீதி பற்றிக் கவலை இல்லை. விறகு குறைந்தால் தன் தலை உருளும் என்பதுதான் அவர் கவலை. பஞ்சாபின் அந்த வருஷங்களைப் பற்றி அரசுத் தரப்பிலேயே எழுதப்பட்ட நேர்மையான ஆவணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அந்த விறகு நோட்டைத்தான் காட்டுவேன்.

1995 ஜனவரியில் கால்ரா இதை வெளியிட்டார். உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடி ஆனது. கனடாவுக்குப் போய்ப் பேசினார். அங்கேயே இருந்துவிடுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. திரும்பி வந்தார். செப்டம்பர் 6 காலை வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தவரைக் கூட்டிப் போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 2005 நவம்பரில், ஆறு போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் ஒருவர் விடுதலையானார். மற்ற ஐந்து பேர் மீதான தீர்ப்பை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கால்ரா அடைத்து வைக்கப்பட்டிருந்த நாட்களில் கில்லே அங்கே வந்தார் என்று விசாரணையில் ஒரு சாட்சி சொன்னார். கில் மீது வழக்கு எதுவும் பதியப்படவில்லை.

கால்ரா சொன்ன கணக்கு என்ன ஆனது? உச்ச நீதிமன்றம் சொல்லி சிபிஐ விசாரித்தது. ஒரே மாவட்டம், மூன்றே சுடுகாடுகள். சட்டவிரோதமாக எரிக்கப்பட்டவர்கள் 2,097 பேர் என்று 1996 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. முழுதாக அடையாளம் தெரிந்தவர்கள் 585. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் 274. யாரென்றே தெரியாதவர்கள் 1,238. அதன்பின் தேசிய மனித உரிமை ஆணையம் அந்த மூன்று சுடுகாட்டைத் தாண்டி விசாரிக்கவில்லை. அங்கேயும், கொன்றது யார் என்று போகாமல், எரித்ததில் விதி மீறப்பட்டதா என்பதோடு நின்றுகொண்டு இழப்பீடு கொடுத்தது. அந்த 2,097 பேரில் எத்தனை பேர் அட்டவணையின் பயங்கரவாதிகள் நெடுவரிசையிலும் ஒரு வரியாக இருக்கிறார்கள்? இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

நிஜமான பயங்கரவாதிகளும் அதில் இருந்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. பிரச்சினை, பிரித்துச் சொல்ல வழி இல்லாமல் ஆக்கப்பட்டது. பட்டியலில் இருக்கிற தீவிரவாதியைக் கொன்றால் ரொக்கப் பரிசு, பதவி உயர்வு என்று ஏற்பாடு இருந்தது. ஒரு எண்ணைக் காட்டி, இது ஏறினால் போனஸ் என்று சொல்லிப் பாருங்கள். எண் ஏறும். அது எதை அளந்ததோ அது ஏறியதா என்பது வேறு விஷயம். சாதா மென்பொருள் கம்பெனியில் கேபிஐ வைத்தாலே மூடாத டிக்கெட்டை மூடியதாகக் காட்டுகிறோம். அங்கே ஒரு டிக்கெட் என்பது ஒரு பையன்.

இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு இப்போதே பதில் தயாராக இருக்கும். எனக்கும் இருந்தது. "சரி ப்ரோ, தப்பு நடந்திருக்கலாம். அந்த அட்டவணையைப் பார். வருஷத்துக்கு 2,500 பேர் சாவதை ஒரு ஆள் நிறுத்தினார். கழித்துப் பார்த்தால் லாபம்தானே?"

கழித்துப் பார்ப்போம். முதல் சிக்கல், அந்தச் சரிவில் கில்லின் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதே சமயத்தில் ராணுவம் பெருமளவில் இறக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வந்தது. இயக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. வசூலும் கடத்தலும் தாங்காமல் கிராமங்களே அவர்களுக்குக் கதவைச் சாத்தின. ஒரே ராத்திரியில் ஏழெட்டு மாற்றங்களை புரொடக்‌ஷனில் ஏற்றிவிட்டு, காலையில் பக் போய்விட்டது என்றால், எது சரி செய்தது என்று சொல்ல முடியாது. கில்லின் பங்கு பெரியதுதான் என்று நான் நினைக்கிறேன். துப்பு துலக்குவதை ஸ்டேஷன் அளவுக்குக் கொண்டுவந்தது, பயந்து கிடந்த கான்ஸ்டபிள்களை ராத்திரி ரோந்துக்குப் போக வைத்தது, தானே கூடப் போனது, எல்லாம் நிஜ வேலை. ஆனால் வெற்றிக்கு உதவியது அந்த வேலையா, விறகு நோட்டில் இருக்கிற வேலையா? இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "இப்படித்தான் முடியும்" என்று விற்கிறார்கள். பொற்கோயில் வாசலில் அதே மனுஷன் வேறு மாதிரியும் முடியும் என்று காட்டியிருந்தார்.

இரண்டாவது சிக்கல்தான் என்னை நிஜமாகவே தூங்கவிடாதது. மைக்கேல் வால்சர் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1973-ல் 'அழுக்குக் கைகள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எங்கேயோ வெடிக்கப்போகும் குண்டுகளைக் கண்டுபிடிக்கப் பிடிபட்டவனைச் சித்திரவதை செய்ய உத்தரவிடும் ஒரு தலைவர் அதில் வருவார். வால்சர் அவரை மன்னித்துவிடவில்லை. சில சமயம் செய்தே ஆகவேண்டியதும் தவறாகவே இருக்கலாம். நல்ல தலைவர் அதைச் செய்துவிட்டு, தவறு செய்தேன் என்று அறிந்திருப்பார். அதற்கான விலையைச் சுமப்பார். கொன்றுவிட்டுத் தூக்குமேடைக்குத் தானே நடக்கிற காம்யூவின் நாடகப் பாத்திரம் வரை அந்தக் கட்டுரை போகும்.

கில்லின் ரசிகர்கள் எல்லாரும் இந்த வாதத்தைத்தான் சொல்கிறார்கள்: நமக்காகக் கையை அழுக்காக்கிக்கொண்டார். ஆனால் கில் அப்படிச் சொல்லவே இல்லை! அவர் கணக்கில் கை சுத்தம். மனித உரிமை வழக்குகள் எல்லாம் துப்பாக்கியால் தோற்றவர்கள் கோர்ட் வழியாகத் தொடரும் யுத்தம். தரண் தாரணில் எஸ்எஸ்பியாக இருந்து, கால்ரா வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி 1997 மே மாதம் ரயில் முன் பாய்ந்து செத்தார். சில நாட்களில் கில் பிரதமர் ஐ.கே. குஜ்ராலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாட்டுக்காகப் போராடிய போலீஸ்காரர்களை நாடு கைவிட்டு நாயாக அலைய விடுகிறது என்ற கோபம் அதில் கொதிக்கும். கோபம் பொய்யில்லை. கீழே இருக்கிறவன் கூண்டில் நிற்க, உத்தரவு கொடுத்த அரசியல்வாதிகள் நினைவுச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் 2,097 என்ற எண்ணுக்கு இடமில்லை. ஆக, செய்ததை ஒப்புக்கொண்டு சுமந்தவர் என்ற பெருமையை அவருக்கு நாம்தான் மாட்டிவிடுகிறோம். அவருக்காக இல்லை. நமக்காக.

சம்பந்தமில்லாததுபோல் தெரியும் இன்னொரு வழக்கு. 1988 ஜூலை 18. பொற்கோயில் வெற்றி முடிந்து இரண்டு மாதம். சண்டிகரில் ஒரு விருந்து. ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐஏஎஸ் அதிகாரியின் பின்புறத்தில் எல்லார் முன்னாலும் கில் தட்டினார். அவர் புகார் கொடுத்தார். மேலிடங்கள் எல்லாம் "விடுங்கள் மேடம், நாடு இருக்கிற நிலையில் இதெல்லாமா" என்கிற தொனியில் நடந்துகொண்டன. அடுத்த வருஷம் கில்லுக்கு பத்மஸ்ரீ வந்தது. புகாரை ரத்து செய்த உயர் நீதிமன்றம், சாதாரண மனிதர் பொருட்படுத்தாத அற்பத் தீங்கு குற்றமாகாது என்கிற இந்தியத் தண்டனைச் சட்டம் 95-ஆம் பிரிவைத் துணைக்குக் கூப்பிட்டது. அந்த அம்மா விடவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை உயிர்ப்பித்தது, 1996-ல் தண்டனை, 2005-ல் அதுவும் உறுதியானது. பதினேழு வருஷம்.

நான் இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், கழித்தல் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது இதில் பச்சையாகத் தெரிகிறது. ஒருவர் பெரிய காரியம் செய்திருக்கிறார் என்றால், மற்றவருக்கு அவர் செய்ததெல்லாம் அற்பத் தீங்கு ஆகிவிடுகிறது. ஒரு பெண் அதிகாரியின் மானம் அற்பம். அப்புறம் ஒரு பையன் அற்பம். அப்புறம் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கணக்குக்குள் எதுவும் சொல்லாது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் சாவது ஒரு என்கவுன்ட்டர் என்று எனக்குத் தோன்றும். பொற்கொல்லன் துப்புக் கொடுக்கிறான். அரசன் விசாரிக்காமல் ஒரு வாக்கியத்தில் முடிக்கிறான். காவலர்களில் சிலர் கோவலன் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள், இவன் கள்வன் மாதிரி இல்லையே என்று. பொற்கொல்லன் களவு சாத்திரமெல்லாம் சொல்லி அவர்கள் வாயை அடைக்கிறான். அதற்குள் ஒருத்தன் வாளை வீசிவிடுகிறான். சின்ன வயசில் கண்ணகியின் கோபம்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது படித்தால் பாண்டியனைத்தான் பார்க்கிறேன். அவன் பெரிய அரசன். ஊர் அவனால் அமைதியாக இருக்கிறது என்று சொல்லச் சபையில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அவன் அதைப் பார்க்கிறான். அவன் செய்தது அவ்வளவுதான். பார்த்த பிறகு அவனால் உயிரோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கால்ராவின் மனைவி பரம்ஜித் கவுரும் கோர்ட்டுக்குப் போனார். அந்த உச்ச நீதிமன்ற வழக்குக்கே அவர் பெயர்தான். கால்ராவைப் பற்றி ஒரு இந்திப் படம் எடுத்து, அது வருஷக்கணக்காகத் தணிக்கையில் மாட்டிக் கிடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள் கேட்டார்களாம். கில் 2017 மே மாதம் டெல்லியில் காலமானார்.

ஹைதராபாத் கதைக்கும் ஒரு முடிவு வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று சொல்லி, பத்து போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. கொல்லப்பட்ட நாலு பேரில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. 2022 மே மாதம். அந்தச் செய்தியை குரூப்பில் யாரும் போடவில்லை. நானும் போடவில்லை.

போன வருஷம் அந்தப் பஞ்சாப் நண்பர் வேலையை விட்டுக் கனடா போவதற்கு முந்தின வாரம், விறகுக் கணக்கைப் பற்றி அவரிடம் கேட்டேன். கேட்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டிருக்கேன்," என்றார். "அந்தச் சமயத்துல உங்களுக்கெல்லாம் தெரியுமான்னு."

"என்ன சொன்னார்?"

"தெரியும்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். கடைக்குப் போகணும், நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டார்."